தோற்றவன் குடிக்க வேண்டும்

“எல்லாரும் மெஸ் சாம்பாரைப் பத்தியே எழுதிக் கொடுத்துட்டாங்க மாப்ளே, நீயாவது ஏதாவது சரித்திரம் எழுது” என்று மலர்க் குழு நண்பன் கேட்டுக்கொண்டதற்கிணங்க இதை எழுதுகிறேன். தலைப்பைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “புரொபசருங்களும் படிப்பாங்கடா” என்றான். தாராளமாகப் படிக்கட்டும். மதுவை வைத்து விளையாடும் விளையாட்டுகளுக்கு 2500 வருடச் சரித்திரம் உண்டு. மாணவர்கள் அதில் பெரும்பங்கு வகித்திருக்கிறார்கள். குடிப்பதன் பெருமையைப் பாட வரவில்லை. குடிக்காதே என்று உபதேசம் செய்யவும் வரவில்லை. நம் கல்லூரியிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் மேல்படிப்புக்கு விமானம் ஏறும் தம்பி தங்கைகள், போய் இறங்கிய முதல் மாதத்திலேயே சிவப்பு பிளாஸ்டிக் கப்புகள் அடுக்கிய ஒரு மேசையின் முன் நிற்கப்போகிறார்கள். அந்த மேசை எங்கிருந்து வந்தது, அந்த யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு இன்ஜினியரின் பார்வையில் சொல்லலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சங்கதி. நம் டிபார்ட்மெண்டில் வருடா வருடம் வாசலில் பேனர் கட்டி, பைல் பேடு கொடுத்து, ‘நேஷனல் லெவல் டெக்னிகல் சிம்போசியம்’ நடத்துகிறோம் அல்லவா? சிம்போசியம் என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேர் அர்த்தம் ‘சேர்ந்து குடித்தல்’. பழைய கிரேக்கத்தில் சாப்பாடு முடிந்தபின் ஆண்கள் இடது முழங்கையை ஊன்றி, சாய்வுக் கட்டில்களில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு திராட்சை மது அருந்துவதும், பாட்டும் பேச்சுமாகப் பொழுதைக் கழிப்பதும்தான் சிம்போசியம். அங்கே ஆடிய ஆட்டத்தின் பெயர் கொட்டபோஸ். சிசிலித் தீவில் பிறந்து கிரேக்கம் முழுவதும் பரவியது.

ஆட்டம் இதுதான். அவர்களுடைய மதுக் கோப்பை நம் பாயசக் கிண்ணம் போல ஆழமில்லாமல் அகலமாக, இரண்டு பக்கமும் காதுகளோடு இருக்கும். குடித்து முடித்ததும் அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும். ஒரு காதில் ஆள்காட்டி விரலை நுழைத்து, மணிக்கட்டைச் சுண்டி, அந்த வண்டலை வீசியெறிய வேண்டும். நடுவில் ஒரு உயரமான கம்பம், அதன் உச்சியில் சமநிலையில் நிற்கும் ஒரு சிறு உலோகத் தட்டு. வண்டல் பட்டுத் தட்டு சரிந்தால், பாதி உயரத்திலிருக்கும் இன்னொரு பெரிய தட்டின் மேல் விழுந்து மணி போல ஒலிக்கும். இன்னொரு வகையில், தண்ணீர்த் தொட்டியில் சின்னச் சின்னக் கிண்ணங்களை மிதக்கவிட்டு, வண்டலை எறிந்தே மூழ்கடிக்க வேண்டும். ஜெயித்தவனுக்கு முட்டை, பணியாரம், சில சமயம் ஒரு முத்தம்! 2015ல் பென்சில்வேனியாவிலுள்ள வெஸ்ட் செஸ்டர் பல்கலைக்கழகத்தில் முப்பரிமாண பிரிண்டரில் செய்த கோப்பையும் தண்ணீர் கலந்த திராட்சை ரசமும் வைத்து இதை ஆடிக் காட்டியிருக்கிறார்கள். பழகினால் குறி வைக்க வருகிறது, ஆனால் தரையெல்லாம் நாசமாகிறது என்பது அந்த ஆராய்ச்சியின் முடிவு.

கி.மு. 404ல் ஏதென்ஸில் தெரமெனெஸ் என்ற தலைவருக்கு அவருடைய பழைய கூட்டாளி கிரிட்டியாஸ் மரண தண்டனை வாங்கிக் கொடுத்தார். விஷத்தைக் குடித்து முடித்த தெரமெனெஸ், கோப்பையின் அடியில் நின்ற கடைசிச் சொட்டை கொட்டபோஸ் ஆடுவது போலவே சுண்டி எறிந்து, கிரிட்டியாஸின் பெயரைச் சொல்லி அர்ப்பணம் செய்தாராம். செனபோன் எழுதி வைத்திருக்கிறார். சாகிற நேரத்தில் செய்த அந்தக் கிண்டல் எல்லோருக்கும் புரிந்தது என்றால், ஆட்டம் எவ்வளவு பிரபலமாக இருந்திருக்க வேண்டும்!

இனி நம் பாடத்துக்கு வருவோம். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களும் சற்றுப் பொறுத்துக்கொண்டு படிக்கவும். வீசுவதற்கு வண்டல் வேண்டுமென்றால் கோப்பையைக் காலி செய்ய வேண்டும். கோப்பை காலியாகக் காலியாகக் கை நடுங்கும். கை நடுங்கினால் குறி தவறும். குறி தவறினால் இன்னொரு கோப்பை. அதாவது வெளியீடு திரும்ப உள்ளீட்டுக்கே வந்து, தவறை அதிகப்படுத்துகிறது. பாசிட்டிவ் ஃபீட்பேக்! இது எங்கே போய் முடியும் என்று நம் வாத்தியார் போர்டில் வரைந்து காட்டியிருக்கிறார்: கோடு மேலே மேலே போய் போர்டைத் தாண்டிச் சுவரில் ஏறிவிடும். நடுவே ஒரு பிரேக் இருந்தால்தான் நிற்கும். ஆகவே ஒவ்வொரு காலத்திலும் இந்த ஆட்டத்துக்கு என்ன பிரேக் இருந்தது, போதும் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்பதுதான் நான் தேடிய விஷயம்.

கிரேக்கர்கள் மதுவை அப்படியே குடிப்பதைக் காட்டுமிராண்டித்தனம் என்று நினைத்தவர்கள். பெரிய ஜாடியில் தண்ணீர் கலந்துதான் பரிமாறுவார்கள். எத்தனை பங்கு தண்ணீர், எத்தனை சுற்று என்று விருந்துத் தலைவர் ஒருவர் தீர்மானிப்பார். பிளேட்டோ எழுதிய ‘சிம்போசியம்’ நூலே ஒரு விருந்தில்தான் நடக்கிறது. கி.மு. 416ல் அகத்தோன் என்ற நாடகாசிரியர் பரிசு வென்றதைக் கொண்டாட எல்லோரும் கூடுகிறார்கள். முந்தின நாள் குடித்ததில் ஏற்கெனவே பாதிப் பேருக்குத் தலைவலி. அப்போது எரிக்ஸிமக்கஸ் என்ற வைத்தியர் எழுந்து, இன்றைக்கு யாருக்கும் கட்டாயம் வேண்டாம், அவரவர் விருப்பப்படி குடிக்கட்டும், பேசிப் பொழுதைப் போக்குவோம் என்கிறார், சபை ஏற்றுக்கொள்கிறது. உலகப் புகழ்பெற்ற அந்தத் தத்துவப் பேச்சு நடந்ததே அன்றிரவு கட்டாயக் குடியை ரத்து செய்ததால்தான் என்பது என் அபிப்பிராயம். (யவனர் கப்பலில் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார். மது இங்கே வந்தது, கொட்டபோஸ் வரவில்லை. அது அதற்குள் கிரேக்கத்திலேயே மறைந்துவிட்டிருந்தது.)

சீனர்கள் விஷயம் வேறு. அவர்கள் ஆட்டம் கைக்கு அல்ல, மூளைக்கு. கி.பி. 353ல் ஷாவ்ஷிங் நகருக்கு அருகே லான்டிங் என்ற இடத்தில் வாங் ஷிஜி என்ற புகழ்பெற்ற எழுத்துக் கலைஞரும் நண்பர்களுமாக 42 பேர் ஓடைக்கரையில் உட்கார்ந்தார்கள். மதுக் கோப்பைகளை ஓடையில் மிதக்க விட்டார்கள். கோப்பை யார் முன்னால் நிற்கிறதோ அவர் கவிதை சொல்ல வேண்டும். 26 பேர் சொன்னார்கள், மொத்தம் 37 கவிதைகள் தேறின. மீதி 16 பேருக்கு ஒன்றும் வரவில்லை. ஆளுக்கு மூன்று கோப்பை அபராதம். வைவாவில் முழித்த அனுபவமுள்ளவர்களுக்கு அந்த 16 பேர் மேல் அனுதாபம் வரலாம்.

இதற்குப் பின் டாங் வம்சக் காலத்தில் இந்த விருந்துகளுக்குச் சட்டதிட்டமே உண்டு, மீறுபவர்களைப் பிடிக்க ஒரு அதிகாரி உண்டு. 1982ல் ஜியாங்சு மாகாணத்து டன்டூவில் கட்டடத்துக்குத் தோண்டியபோது 900க்கும் மேற்பட்ட வெள்ளிப் பொருட்கள் புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, முதுகில் ஒரு குழாயைச் சுமந்து நிற்கும் வெள்ளி ஆமை. குழாய்க்குள் 50 குச்சிகள். ஒவ்வொரு குச்சியிலும் மேலே கன்ஃபூஷியஸின் உபதேசத்திலிருந்து ஒரு வாசகம், கீழே யார் குடிக்க வேண்டும், எவ்வளவு குடிக்க வேண்டும் என்ற உத்தரவு. திருக்குறள் சீட்டு எடுத்து, குறளுக்கேற்றபடி அபராதம் போடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்! எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. ஊற்றிக் கொடு, நீ குடி, அபராதம் என்ற உத்தரவுகளோடு ‘விட்டுவிடு’ என்று சொல்லும் குச்சிகளும் அந்தக் கட்டில் இருக்கின்றன. அது வந்தால் யாரும் குடிக்க வேண்டாம். நல்லவேளையாக பாய்லரில் சேஃப்டி வால்வு வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே யாரோ ஒரு சீனத் தட்டான் அதை வெள்ளியில் அடித்து வைத்திருக்கிறான்.

இதுவரை வந்தவர்கள் எல்லாம் பெரியவர்கள். ஹாஸ்டல் வாசனை ஜெர்மனியில்தான் அடிக்க ஆரம்பிக்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மாணவர் சங்கங்களில் பியர் குடிப்பதற்கென்றே விதிப்புத்தகம் உண்டு, ‘பியர் கோமெண்ட்’ என்று பெயர். புதிதாகச் சேர்ந்த ஜூனியருக்கு ‘நரி’ என்று பட்டம். சீனியர் ‘ஜாடிக்குள் போ’ என்று உத்தரவு போட்டால் நரி கோப்பையை வாயில் வைக்க வேண்டும்; போதும் என்று சீனியர் சொல்லும்வரை எடுக்கக் கூடாது. விதியை மீறியவனை பியர் சமூகத்திலிருந்து ஒதுக்கிவைப்பார்கள். திரும்பச் சேர வேண்டுமானால் அதற்கும் குடித்தே கழிக்க வேண்டும்! 1858ல் லார் நகரில் வெளியான அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் உலோகக் குமிழ் ஆணிகள் அடித்திருக்கும். மேசையில் சிந்திய பியரில் புத்தகம் நனையாமலிருக்க அந்த ஏற்பாடு. புத்தகத்தைக் காப்பாற்ற இவ்வளவு யோசித்தவர்கள் நரியைப் பற்றி அவ்வளவு யோசித்ததாகத் தெரியவில்லை. ‘போதும்’ என்ற சொல் குடிக்கிறவன் வாயிலிருந்து சீனியர் வாய்க்குப் போனது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஆக்ஸ்போர்டில் இதற்கு ‘ஸ்கான்ஸ்’ என்று பெயர். சாப்பாட்டுக் கூடத்தில் மரியாதைக் குறைவாக நடந்தால், பாடத்தைப் பற்றிப் பேசினால், அங்கி போடாமல் வந்தால் ஒரு பெரிய பாத்திரம் பியர் தண்டம். ஆஸ்திரேலியாவிலிருந்து ரோட்ஸ் ஸ்காலராக வந்த பாப் ஹாக் 1950களில் இப்படி மாட்டிக்கொண்டு, இரண்டரை பைன்ட், அதாவது சுமார் 1.4 லிட்டர் பியரை 11 நொடியில் காலி செய்து கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். பிற்பாடு 1983லிருந்து 1991வரை ஆஸ்திரேலியப் பிரதமர். தனக்கு ஓட்டு விழுந்ததற்கு இந்தச் சாதனையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் கதையைச் சொல்கிறவர்கள் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு: அதே ஹாக் 1980ல், பார்லிமெண்டுக்குள் நுழைவதற்கு முன்பே, குடியை நிறுத்திவிட்டார். பிரதமராக இருந்த காலம் முழுவதும் தொடவில்லை.

இப்போது அந்தச் சிவப்புக் கப் மேசை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹானோவர் என்ற சிற்றூரில் டார்ட்மவுத் கல்லூரி இருக்கிறது. டேபிள் டென்னிஸ் மேசையில் பியர் கப்பை வைத்து மட்டையால் ஆடும் ‘பியர் பாங்’ 1950களில் அங்கே பிறந்ததாகச் சொல்கிறார்கள். 1980களில் வேறு கல்லூரிகளில் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையாலேயே பந்தை எறிய ஆரம்பித்தார்கள். அப்போது லெபனான் உள்நாட்டுப் போர் தினமும் செய்தியில் வந்துகொண்டிருந்ததால் அதற்கு ‘பெய்ரூட்’ என்று பெயர் வைத்தார்கள். ரசனை கெட்ட பெயர். பிறகு அதுவும் பியர் பாங் என்றே வழங்கலாயிற்று. முக்கோணமாக 6 அல்லது 10 கப்; எதிராளியின் கப்பில் பந்து விழுந்தால் அவன் குடிக்க வேண்டும். நான் எம்.எஸ். படித்த ஊரில் அடுத்த வீட்டு கராஜில் வெள்ளிக்கிழமைதோறும் இது நடக்கும். ஜன்னலில் நின்று எண்ணியிருக்கிறேன். முதல் ஆட்டத்தில் மூன்று எறிக்கு ஒன்று விழும். நான்காவது ஆட்டத்தில் பந்து எங்கள் பூச்செடிக்குள் வந்து விழும். அவர்களோ முன்பைவிட நன்றாக ஆடுவதாகவே கத்திக்கொண்டிருப்பார்கள். அளக்கிற கருவியே பழுதாகிவிட்டால் ரீடிங் எப்படிச் சரியாக வரும்?

இந்த ஆட்டம் பெருகியதில் சட்டத்துக்கும் பங்கிருக்கிறது. 1971ல் ஓட்டுரிமை வயது 18 ஆனபோது பல அமெரிக்க மாநிலங்கள் குடிக்கும் வயதையும் குறைத்தன. சாலை விபத்துகள் கூடின. 1984ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம், வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை மானியத்தில் வெட்டு என்றது. 1988க்குள் எல்லா மாநிலமும் வழிக்கு வந்தன. சாலையில் உயிர்கள் பிழைத்தன, அதில் சந்தேகமில்லை. ஆனால் 18லிருந்து 20வரை உள்ள மாணவன் குடியை நிறுத்தவில்லை. கடையில், பெரியவர்கள் கண்ணெதிரே, மெதுவாகக் குடித்தவன் மாணவர் சங்கக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்கி, கதவைச் சாத்திக்கொண்டு, அவசரமாகக் குடிக்க ஆரம்பித்தான். 2008ல் 100க்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் இந்த வயது வரம்பை மறுபடி விவாதிக்க வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். பலத்த எதிர்ப்பு வந்தது. சட்டம் மாறவில்லை.

நியாயமாகச் சொன்னால் பியர் பாங் மட்டும் அவ்வளவு பயங்கரமில்லை. பியரில் பெரும்பகுதி தண்ணீர். வயிறு நிரம்பினால் தானாகவே கை நிற்கும். அதுவும் ஒரு பிரேக்தான். பிராந்தி, விஸ்கி, வோட்காவுக்கு அந்த பிரேக் கிடையாது. டார்ட்மவுத்திலேயே 2015ல் பியரை விட்டுவிட்டு இந்தக் கடுஞ்சரக்கை மட்டும் வளாகத்தில் தடை செய்தார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு பாட்டில் அமெரிக்க பியரில் (355 மில்லி) சுமார் 14 கிராம் ஆல்கஹால். அதைச் செரிக்கக் கல்லீரலுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். காபி குடித்தாலும் பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் அந்த வேகம் கூடாது. இன்னொரு பக்கம், குடித்தது ரத்தத்தில் உச்சத்துக்கு வர அரை மணியிலிருந்து ஒன்றரை மணிவரை பிடிக்கும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் ‘டெட் டைம்’ என்று படித்தோமே, அதேதான். வால்வைத் திறந்தாயிற்று, மீட்டர் இன்னும் அசையவில்லை, இன்னும் திற, இன்னும் திற என்கிறது ஆட்டம். மீட்டர் அசையும்போது தொட்டி வழிந்துவிட்டிருக்கும்.

1997 செப்டம்பரில் எம்.ஐ.டி.யில் ஒரு மாணவர் சங்கத்தில் புதியவர்களைச் சேர்க்கும் இரவு. படிக்க வந்து ஐந்து வாரமே ஆன 18 வயதுப் பையன் ஒருவன் மயங்கிக் கோமாவில் விழுந்து, மூன்றாம் நாள் இறந்தான். புதியவர்கள் அன்று கூடிப் பார்த்த படம் ‘அனிமல் ஹவுஸ்’. கல்லூரிக் குடியைக் கொண்டாடி 1978ல் வந்த சினிமா அது. எழுதியவர்களில் ஒருவர் டார்ட்மவுத் பழைய மாணவர். 2000ல் எம்.ஐ.டி. பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டு 60 லட்சம் டாலருக்கு உடன்பட்டது. 2002லிருந்து முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் வளாக விடுதியில்தான் தங்க வேண்டும் என்று விதி செய்தது. நம் ஊரில் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் அதே 1997ல்தான். அங்கே ‘ஹேஸிங்’, இங்கே ராகிங். ஜெர்மன் நரிக்குக் கிடைத்த அதே உத்தரவு.

2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்ததை நம் கல்லூரிக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தப் பையன் நம் ஜாதி: இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, 19 வயது. அங்கே சங்கத்தில் சேர வந்த புதியவர்களுக்கு ஒரு ஓட்ட விளையாட்டு வைத்தார்கள். ஒரு இடத்தில் வோட்கா, அடுத்த இடத்தில் பியர், அடுத்து ஒயின், அப்புறம் பியர் பாங் மேசை, இப்படி வரிசையாக ஓடி ஓடிக் குடிக்க வேண்டும். வீட்டுக்குள்ளிருந்த கேமராக்களை வைத்துப் பின்னால் கணக்கெடுத்தார்கள்: 82 நிமிடத்தில் 18 முறை மது கொடுக்கப்பட்டிருக்கிறது. நாலரை நிமிடத்துக்கு ஒன்று. கல்லீரலுக்கு அது பதினெட்டு மணி நேர வேலை. இரவு பதினொரு மணியளவில் பையன் அடித்தளப் படிக்கட்டில் விழுந்தான். தூக்கி வந்து சோபாவில் போட்டார்கள். மல்லாந்து வாந்தி எடுத்தால் மூச்சு அடைக்கும் என்று புத்தகங்கள் அடைத்த பையை முதுகில் மாட்டிவிட்டார்கள். அந்த அளவுக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. “தூங்கி எழுந்தா சரியாப்போயிடும்” என்று விட்டுவிட்டார்கள். கிட்டத்தட்ட 12 மணி நேரம் கழித்துத்தான், மறுநாள் காலை பதினொரு மணி சுமாருக்கு, போன் போனது.

தூங்கட்டும் என்று விடுவதில்தான் ஆபத்து. டெட் டைம் கணக்குப்படி, மயங்கி விழுந்த பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். தட்டினால் எழுந்திருக்கவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, உடம்பு சில்லிடுகிறது என்றால் அது தூக்கமில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியே விடாமல், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அமெரிக்காவில் 911, ஐரோப்பாவில் 112, இங்கே 108. “விசா போயிடுமோ, போலீஸ் வருமோ” என்று நம் பையன்கள் தயங்குவார்கள், எனக்குத் தெரியும்.

இறந்த மாணவனின் பெயரிலேயே, டிமோதி பியாசா சட்டம் என்று, பென்சில்வேனியாவில் 2018 அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. ஆட்டம் நடத்தியவர்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கிய அதே சட்டம், உதவிக்குப் போன் செய்து, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, ஆம்புலன்ஸ் வரும்வரை விழுந்தவன் பக்கத்திலேயே இருப்பவன் மீது அந்தக் குற்றத்துக்கு வழக்குப் போட முடியாது என்றும் சொல்கிறது.